எதிரணிக்கு நான் அளித்த மூன்று நிமிடங்கள்

மெல்போர்னின் புறநகரான டண்டினொங்கில் ரயில் பாதைக்கு இப்புறம் எங்கள் பேஸ்பால் மைதானம், அப்புறம் அவர்களுடையது. இரண்டையும் இணைத்தது ஓர் இரும்பு நடைபாலம். மெல்போர்னில் நான் மனமார வெறுத்த ஒரே இடம் அந்தப் பாலத்தின் மறுகரை. சனிக்கிழமைகளில் என் கண் ஓயாமல் போய் நின்ற இடமும் அதுவே.

எழுபதுகளின் தொடக்கத்தில் பொறியியல் மேற்படிப்புக்காகத் திருச்சியிலிருந்து அந்நகருக்குச் சென்றேன். என் பெட்டியில் பாடநூல்களைவிடக் கவனமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தவை கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் வென்ற பதக்கங்கள். ஒலிபெருக்கி பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசக்கூடியவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அவர்கள் சொல்லாத நாட்களில் நானே சொல்லிக்கொள்வேன்.

அந்நகரில் ஒருவரைச் சந்தித்தால் உங்கள் பெயருக்கு முன்பே உங்கள் கால்பந்து அணியைக் கேட்பார்கள். ஊரே ஏறிய வண்டியில் நானும் ஏறுவதா என்ற வீம்பில் எந்த அணியையும் நான் சொல்லவில்லை. என்னுடன் வாடகை வீட்டைப் பகிர்ந்துகொண்டவர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் மேற்பார்வையாளர். அவரை அண்ணே என்று அழைப்பேன். அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, "வீட்டுக்குள்ள கிடந்து சுவரோட கதைக்காமல் என்னோட வாரும்" என்று அவர்தான் என்னைப் பேஸ்பால் பார்க்க அழைத்துப் போனார். அவருடைய பண்டகசாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டியவன் சிவப்பு அணியின் பந்து எறிபவன். ஆகவே அண்ணர் சிவப்பு. நானும் சிவப்பாவேன் என்று எண்ணித்தான் என்னை அழைத்துச் சென்றார்.

முப்பது பேர்கூட இல்லாத கூட்டம். நீலச் சட்டைக்காரர்கள் படுதோல்வியில் இருந்தார்கள். கால்மணி நேரம் பார்த்தேன். ஓர் அணி மட்டை பிடிக்கிறது. மூவர் ஆட்டமிழந்ததும் அடுத்த அணிக்கு வாய்ப்பு. இப்படி ஒன்பது முறை மாறி மாறி. ஒரு தரப்பு பேசும்போது மறு தரப்பு பொறுத்திருக்கிறது. பிறகு எழுந்து மறுக்கிறது. இது எனக்குப் பழகிய அரங்கம் அல்லவா? அதைவிட மேலாக, இந்த ஆட்டத்தில் கடிகாரம் இல்லை. எதிரியின் கடைசி ஆளை வெளியேற்றும்வரை ஆட்டம் முடியாது. தோற்றுக்கொண்டிருப்பவனிடம் இன்னும் சொல்வதற்கு ஏதேனும் இருந்தால் அதைச் சொல்லும் வரை எவராலும் அவனை நிறுத்த முடியாது.

"நான் நீலம், அண்ணே" என்றேன்.

"விசரே உமக்கு? பதினொன்றுக்கு ஒன்றில நிக்கினம்!"

"அதனாலதான். ஆளில்லாத கட்சிக்குப் பேசி ஜெயிக்கிறதுதான் பேச்சு."

"பேசும், பேசும். பேச்சைக் கேட்டுப் பந்து திரும்பி வருதோ பாப்பம்."

திரும்பி வரவில்லை. ஆனால் அன்று முதல் மூன்று குளிர்காலங்கள் நான் நீலமாகவே இருந்தேன். சந்தா கட்டி உறுப்பினனுமானேன். எங்கள் அணியின் வரலாறு பெருமைக்குரியதன்று. பத்து ஆட்டத்தில் ஏழு தோற்போம். வெல்லும் மூன்றில் ஒன்று சிவப்புக்கு எதிரானதாக இருந்துவிட்டால் அந்த ஆண்டு நிறைவுற்றது என்று கொள்வோம். ஆட்டத்தின்போது என்னால் உட்கார முடியாது. எல்லைக் கோட்டை ஒட்டி மேலும் கீழும் நடப்பேன். நடந்துகொண்டே நடுவரிடம் வாதாடுவேன். புல் தேய்கிறது என்று சலித்துக்கொண்ட அணித்தலைவர், தச்சுவேலை செய்யும் ஒரு நெட்டை மனிதர், ஒருநாள் ஸ்கோர் புத்தகத்தை என் கையில் திணித்தார். "இதை எழுது. எழுத வேண்டுமானால் உட்கார வேண்டும்" என்றார். உட்கார்ந்து எழுதினேன், பெஞ்சுக்கடியில் கால்கள் நடந்துகொண்டேயிருந்தன.

உண்மையான ஆட்டம் எங்கள் வீட்டுச் சமையலறையில், அண்ணர் சொல்லில் குசினியில்தான், நடந்தது. நான் தோற்று வந்த நாட்களில் அண்ணர் கதிரையை இழுத்துப் போட்டு, "இருந்து தேத்தண்ணி குடியும். நிண்டு நிண்டு உங்கட ஆக்களுக்குக் கால் நொந்திருக்கும், ஒருத்தனும் ஓடேல்லை எண்டு கேள்விப்பட்டனான்" என்பார். அவர் தோற்ற நாட்களில் நான் அவர் அறைக் கதவுக்கு வெளியே நின்று, ஆட்டத்தை முதல் இன்னிங்ஸிலிருந்து உரத்த குரலில் வருணிப்பேன். அவர் உள்ளிருந்து வானொலியின் ஒலியைக் கூட்டுவார். நான் குரலைக் கூட்டுவேன். இந்நாட்டில் எங்கள் இருவருக்கும் வேறு சண்டை, அண்ணர் சொல்லில் கொழுவல், கிடையாது. ஆகவே இந்தச் சண்டையை நாங்கள் செம்மையாக வளர்த்தோம்.

இரண்டாம் குளிர்காலத்தின் இறுதியாட்டத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர்களுடைய மைதானம். கடைசி இன்னிங்ஸ், அவர்கள் மட்டை. நாங்கள் ஓர் ஓட்டம் முன்னிலை. ஒருவன் ஆட்டமிழந்துவிட்டான், இரண்டாம், மூன்றாம் தளங்களில் அவர்களுடைய ஆட்கள் நின்றார்கள். இடப்புறம் உயரமாக ஒரு பந்து எழுந்தது. அங்கே நின்றவன் எங்களில் பல பேரைப் போலவே கோடையில் கிரிக்கெட் ஆடுபவன். குளிர்காலத்தைக் கழிக்கப் பேஸ்பாலுக்கு வருபவன். ஓடிச் சென்று அழகாகப் பிடித்தான். பிடித்தவன், கிரிக்கெட்டில் செய்வதைப் போல, மகிழ்ச்சியில் பந்தைத் தலைக்கு மேலே வீசினான். கிரிக்கெட்டில் பிடித்ததும் பந்து செத்துவிடும். பேஸ்பாலில் சாகாது; பிடித்த கணத்துக்குப் பிறகு தளத்தில் நிற்பவர்கள் ஓடலாம். பந்து வானத்திலிருந்து இறங்கிப் புல்லில் உருண்டு அவன் கைக்குத் திரும்புவதற்குள் இருவரும் வீட்டுத் தளத்தைத் தொட்டுவிட்டார்கள். இரண்டு ஓட்டம்; வெற்றிக் கோப்பை போயிற்று.

அன்று நான் அவனைப் பேசிய பேச்சை இப்போது எழுத விரும்பவில்லை. ஒரு களத்தின் பழக்கத்தை இன்னொரு களத்துக்குச் சுமந்து வருபவன் மூடன் என்ற கருத்தைப் பல உவமைகளுடன் நிறுவினேன். அவன் காலுறையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் குளிர்காலத்தின் நடுவில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து எங்கள் போட்டிகள் கோடைக்கு மாறுகின்றன. கிரிக்கெட் ஆடுபவர்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். எங்களிடம் ஆறு பேர் மிஞ்சுவார்கள். பாலத்துக்கு அப்பால் ஏழு பேர். இரு சங்கங்களையும் இணைத்து ஒரே அணியாக்கலாம் என்று அவர்கள் முன்மொழிந்தார்கள். எங்கள் சங்கம் ஒரு ஞாயிறு பிற்பகல் கூடி வாக்கெடுத்து முடிவுசெய்வதென்று ஏற்பாடாயிற்று.

அணித்தலைவர் என்னிடம் வந்தார். "இணைப்புக்கு எதிராக ஒருவர் பேச வேண்டும். நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். நீ பேசு. ஆட்களைக் கடன் வாங்கியாவது ஓராண்டு தாக்குப்பிடிப்போம்" என்றார்.

மூன்று குளிர்காலங்களாக நான் காத்திருந்த அழைப்பு அது. இரண்டு வாரம் தயாரித்தேன். வீட்டு நடைவழியில் மேலும் கீழும் நடந்து பேசிப் பார்த்தேன். எனக்குப் பயிற்சியளித்த மேடைகளில் ஒரு மரபு உண்டு. எதிரணியின் வாதத்தை முதலில் எடுத்துரைக்க வேண்டும். அவர்களே வியக்குமளவு வலுவாக எடுத்துரைக்க வேண்டும். பிறகு அதனை ஒவ்வொரு தூணாகச் சாய்க்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சில் மூன்று நிமிடம் எதிரிக்கு என்பது கணக்கு. எதிரிக்கு மாளிகை கட்டிக் கொடுத்துவிட்டு இடிப்பவனுக்கே கைதட்டல் கிடைக்கும்.

அண்ணர் குசினி வாசலில் நின்று ஒருநாள் முழுவதையும் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு நேரம் குடுப்பினமாம்?"

"கேக்கல. பேச வேண்டிய நேரம் குடுப்பாங்க."

"கேளும் தம்பி. இது உங்கட ஊர் மேடை இல்லை."

நான் கேட்கவில்லை. நேரம் கேட்டுப் பேசுவது கற்றுக்குட்டிகளின் வேலை என்று நினைத்தேன்.

சங்கத்தின் தகரக் கூரைக் கொட்டகையில் நாற்பது பேர் இருந்தார்கள். மறுகரைக்காரர்கள் சிலர், வாக்குரிமை இல்லாத பார்வையாளர்களாக, பின்வரிசையில் அமர்ந்தார்கள், அண்ணரும் அவர்களோடு. செயலாளர் எழுந்தார். "ஒருவருக்கு மூன்று நிமிடம். இரண்டரை ஆனதும் தேநீர்க் கோப்பையில் ஒரு தட்டு தட்டுவேன். மூன்று ஆனதும் இரண்டு தட்டு. அதோடு சரி" என்று தேக்கரண்டியை உயர்த்திக் காட்டினார்.

மூன்று நிமிடம். அப்போதே என் பேச்சைத் தலைகீழாக்கியிருக்கலாம். எதிரியை விட்டுவிட்டு என் வாதத்தை மட்டும் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யுமளவுக்கு நான் திறமையற்றவனல்லன். ஆனால் தொடக்க வாக்கியம் அவ்வளவு அழகாக அமைந்திருந்தது.

பேசினேன். ஆறு பேரைக் கொண்டு ஒன்பது இடங்களை நிரப்ப முடியாது என்றேன். பகைவனுடன் கைகோப்பது அவமானம், ஆனால் காலியான மைதானத்தில் மானத்தோடு நிற்பது அதனினும் பெரிய அவமானம் என்று அவர்கள் சொல்லக்கூடும் என்றேன். 'அவர்கள் சொல்லக்கூடும்' என்பதை நான் தாழ்ந்த குரலிலும், மற்றதை உயர்ந்த குரலிலும் சொன்னேன். அப்படித்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். பின்வரிசை மேசையைத் தட்டி ஆரவாரித்தது. முன்வரிசையிலும் சிலர் தலையசைத்தார்கள். கோப்பையில் ஒரு தட்டு விழுந்தது.

அரை நிமிடம் இருந்தது. 'இவற்றையெல்லாம் நான் மறுக்கிறேன்' என்று தொடங்க அது போதும். ஆனால் எதிரணியின் மூன்றாவது வாதம் மிச்சமிருந்தது. மூன்றிலும் சிறந்தது அதுதான். இரு கரைகளையும் சேர்க்கும் அந்த நடைபாலத்தை அதில் உவமையாக்கியிருந்தேன். அதைச் சொன்னேன். கொட்டகை அதிர்ந்தது. கை ஓசை அடங்கக் காத்திருந்தேன். மேடையில் கைதட்டலை வெட்டிக்கொண்டு பேசுவது பண்பன்று. அடங்கியதும், "ஆனால்" என்றேன்.

இரண்டு தட்டு.

"நன்றி" என்றார் செயலாளர். "மிக நன்றாகச் சொன்னீர்கள்."

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை" என்றேன். சிரிப்பு எழுந்தது. நகைச்சுவையாகச் சொன்னேன் என்று நினைத்தார்கள்.

கைகளை உயர்த்தச் சொன்னார்கள். ஐந்து கை வித்தியாசத்தில் இணைப்பு நிறைவேறியது. அணித்தலைவர் என்னைப் பார்க்கவில்லை. தொப்பியைத் தேடுபவர்போல் பெஞ்சுக்கடியில் குனிந்தார். வாசலில் பந்தை மேலே வீசியவன் நின்றுகொண்டிருந்தான். ஓராண்டுக்குப் பின் என்னோடு முதன்முறையாகப் பேசினான். "விடு, நண்பா. நானும் ஒருநாள் பந்தை மேலே வீசினவன்தான்" என்றான். அதில் ஏளனம் இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கோடை வந்தது. புதிய அணியின் சட்டையில் ஒரு கை நீலம், ஒரு கை சிவப்பு. அணி நன்றாக ஆடியது. நாங்கள் தனியாக ஒருபோதும் வெல்லாத அளவுக்கு வென்றது. எங்கோ கடற்கரைப் பக்கமிருந்து வந்த ஏதோ ஓர் அணியை நாங்கள் நொறுக்கிக்கொண்டிருந்த நாளில், நானும் அண்ணரும் ஒரே பக்கம் நின்றோம். ஸ்கோர் புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்திருந்தேன். இருவரும் ஒரே பந்துக்குக் கைதட்டினோம். பிறகு பேச ஒன்றும் இருக்கவில்லை. குசினியிலும் இப்போது அப்படித்தான். தேநீரைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தோம்.

நான் நடக்கத் தொடங்கினேன். அவர் கூட வந்தார். மைதானத்தின் மூலையில், பாலத்தின் நிழலில் நின்றபோது சொன்னார்:

"முதல் தட்டு உமக்குக் கேட்டது."

நான் பாலத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"நீர் கரண்டியைப் பாத்தனீர். நான் உம்மைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான்."

"ஆமாண்ணே. பாத்தேன்."

"பிறகேன் நிப்பாட்டேல்லை?"

அந்தக் கேள்விக்கு நான் பல மாதங்களாகப் பல விடைகளைச் செதுக்கி வைத்திருந்தேன்: மரபு, பயிற்சி, மொழி, செயலாளரின் கண்டிப்பு.

"உங்க ஆளுங்க எல்லாரும் கை தட்டினாங்க" என்றேன்.

அவர் களத்துக்கு முதுகைத் திருப்பினார்.

"நான் தட்டேல்லைத் தம்பி" என்றார்.

"ஏண்ணே? ஜெயிச்சது உங்க பக்கம்தானே?"

"எனக்கென்ன வெண்டது? சனிக்கிழமை நான் வீட்டை வந்து ஆரோட கொழுவுறது?"

களத்திலிருந்து ஆரவாரம் எழுந்தது. யாரோ எதையோ அடித்திருந்தார்கள். வேலியோரம் நின்ற ஒரு பெண்மணி எங்களைப் பார்த்து ஸ்கோர் என்ன என்று கேட்டார். மூன்று குளிர்காலம் ஒரு பந்தும் விடாமல் எழுதிய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அண்ணரைப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். இருவரும் எல்லைக் கோட்டை ஒட்டி, புல் தேய்ந்திருந்த பழைய தடத்தில், இன்னொரு முறை நடக்கத் தொடங்கினோம்.