ஒன்பது விநாடி

நஃபீசா ஆன்ட்டி தட்டச்சு செய்த பக்கத்தில் பிழை கண்டுபிடித்தவர்கள் கிடையாது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் தமிழ் அடித்தவர். பிறப்புச் சான்றிதழோ வாடகை ஒப்பந்தமோ, எது வந்தாலும் ஒற்றெழுத்து விடாமல் அடித்துக் கொடுப்பார். ஓய்வுபெற்ற பிறகு தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் தனியாக இருக்கிறார். கடைப் பலகையில் எழுத்துப் பிழை கண்டால் உள்ளே போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் கறிவேப்பிலை வாங்குவார். அவர் தலை தெரிந்தாலே சில கடைக்காரர்கள் தங்கள் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு இடத்தில் தெரிந்தே தப்பாக அடித்தார். அந்தத் தப்பை நம்பி நான் மூன்று பக்கம் எழுதி, பாராட்டும் வாங்கிக்கொண்டேன். இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று உரியவர்களிடம் கேட்டேன். அவர்கள் வாயைத் திறந்து 'எழுது' என்று சொல்லும்வரை காத்திருந்தேன்.

நான் அஃப்ரீன். இஸ்லாமியத் திருமணச் சட்டத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நிக்காஹுக்கு முன், பெண்ணின் சார்பில் பேசும் 'வக்கீல்' சாட்சிகளோடு போய் மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். கன்னிப்பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டநூல்களில் உள்ள பழைய விதி. சிரித்தால் என்ன, சத்தமில்லாமல் அழுதால் என்ன, வாய்விட்டு அழுதால் என்ன என்று அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். சத்தமில்லாத அழுகையும் சம்மதமே என்பது பலரின் தீர்ப்பு. அந்த விதி இங்குள்ள தமிழ் முஸ்லிம் பெண்களின் வாழ்க்கையில் எப்படி இறங்கியது என்பதுதான் என் ஆய்வு.

முகத்துக்கு நேரே கேட்டால் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். அதனால் கேள்வித்தாளையும் ஒலிப்பதிவுக் கருவியையும் கொடுத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். முப்பது பெண்கள் இப்படித் தனியாகப் பேசினார்கள். என் வழிமுறையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. பதிவுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எல்லாவற்றையும் கேட்டு அடித்துக் கொடுத்தவர் நஃபீசா ஆன்ட்டி. பேசுகிறவர் எத்தனை விநாடி பேசாமல் இருக்கிறார் என்பதையும் அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லியிருந்தேன்.

அந்தப் பதிவுகளை நான் கேட்கவில்லை. ஆன்ட்டி அடித்த பிறகு எதற்குக் கேட்பது? என் சோம்பேறித்தனத்துக்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பதினான்காம் எண்ணில் பேசியவர் ஜூரோங்கைச் சேர்ந்த ஐம்பத்தெட்டு வயதுப் பெண். அக்காவை ராத்தா என்று அழைக்கிறவர். ஆன்ட்டி கொடுத்த தாளில் இப்படி இருந்தது: "வக்கீலும் சாட்சி ரெண்டு பேரும் ரூம் வாசல்ல நின்னு சம்மதமான்னு கேட்டாங்க. நான் தலைய குனிஞ்சுக்கிட்டு இருந்தேன். (மௌனம், 9 விநாடி.) ராத்தா வெளிய போயி சம்மதம்னு சொல்லிட்டாங்க."

அந்த ஒன்பது விநாடி என்னைப் பிடித்துக்கொண்டது. நாற்பது வருஷம் கழித்தும் இந்தப் பெண் அதே இடத்தில் மறுபடி மௌனமாகிறாள் என்று மூன்று பக்கம் எழுதினேன். மேற்பார்வையாளர் ஓரத்தில் 'அருமை' என்று குறித்திருந்தார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருக்கும்போது, தேக்கா சந்தையில் தே தாரேக் தேநீர் வாங்கிக் கொடுத்து அந்தப் பக்கங்களை ஆன்ட்டிக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் உழைப்பில் வந்தது இது என்று சொல்லத்தான் போனேன்.

ஆன்ட்டி குவளையைத் தொடவே இல்லை. வாசித்து முடித்ததும், "அது மௌனம் இல்லமா," என்றார்.

"என்ன ஆன்ட்டி?"

"அந்த இடத்துல அவ பேசுறா. நான்தான் மௌனம்னு போட்டேன். பதினாலாம் நம்பர் என் தங்கச்சி ருக்ஸானா."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தெரிந்தவர் குரல் வந்தால் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒன்பதாவது மாடிக்குப் போய்க் கணினியைத் திறந்து பதிவை ஓடவிடும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த இடம் வந்தது. தாழ்ந்த குரல்தான், ஆனால் தெளிவாக இருந்தது. "நான் வேண்டாம்னு சொன்னேன். ராத்தா காதுல சொன்னேன். வேண்டாம் ராத்தா, எனக்குப் படிக்கணும்னு சொன்னேன்." நேரத்தைப் பார்த்தேன், சரியாக ஒன்பது விநாடி. அதில் மட்டும் ஆன்ட்டி பொய் சொல்லவில்லை.

1985இல் விடுமுறைக்கு நாகூருக்குப் போன இடத்தில் அவசரமாக முடிவான கல்யாணம் அது. ருக்ஸானாவுக்குப் பதினெட்டு வயது. சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வெளியே அவர்களின் அப்பாவோடு ஜமாஅத்தார் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு விரிப்பெல்லாம் விரித்தாகிவிட்டது. தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஃபீசாவுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணமாகி இரண்டு வருஷம். காதில் விழுந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்து போய், வாசலில் நின்ற வக்கீலிடம் சம்மதம் என்று சொன்னவர் அவர்தான்.

"வாப்பா முகத்தைப் பார்த்தேன்மா, வேற எதுவும் சொல்ல வாய் வரல. போகப் போகச் சரியாயிடும்னு நெனச்சேன். எனக்கு அப்படித்தான் ஆச்சு."

"அந்த வரியை எடுத்திருந்தா அதோட போயிருக்கும். மௌனம்னு ஏன் ஆன்ட்டி போட்டீங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தியில் துடைத்தார். "உன் ரெண்டாவது சாப்டரையும் நான்தானே அடிச்சேன். பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னு அதுல இருக்குல்ல. அவ பேசலன்னு போட்டுட்டா, அன்னைக்கு நான் சொன்னது பொய்யில்லன்னு ஆயிடும். அதுக்குத்தான்."

என் ஆய்வை இவ்வளவு கவனமாக வேறு யாரும் படித்ததில்லை. வெட்கமாக இருந்தது. நாற்பது வருஷம் கழித்து ஒரு பெண் நான் நீட்டிய கருவியிடம் தன் மனதைத் திறந்திருக்கிறாள். அதை ஒருமுறை கேட்கக்கூட எனக்கு நேரம் இருக்கவில்லை. அன்றே மூன்று பக்கத்தையும் எடுத்தேன், சமர்ப்பிக்கும் தேதியைத் தள்ளிப் போட்டேன், மீதி இருபத்தொன்பது பதிவுகளையும் கேட்டேன். அவற்றில் ஒரு கமாகூடத் தப்பில்லை.

பேட்டி கொடுத்தவரிடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும், அது ஆய்வு விதி. "நானும் வர்றேன்," என்றார் ஆன்ட்டி. அவுட்ரம் பார்க்கில் ரயில் மாறி ஜூரோங் போகும்வரை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே வந்தார்.

ருக்ஸானா கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததுமே புரிந்துகொண்டதுபோல நின்றார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஆன்ட்டி எதையும் பூசி மெழுகவில்லை, அடித்ததையும் மாற்றியதையும் அப்படியே சொன்னார்.

"நீங்கதான் டைப் பண்றீங்கன்னு தெரிஞ்சுதான் ராத்தா பேச வந்தேன்," என்றார் ருக்ஸானா. "இவ்வளவு நாளும் வாயைத் திறக்கல. வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அவுங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு இருந்தேன். போன வருஷம் மௌத்தாயிட்டாங்க. அதுக்கப்புறம் உங்ககிட்ட சொல்லணும்போல இருந்துச்சு. நேர்ல சொல்ல வாய் வரல. மிஷின்ல சொன்னா உங்க காதுக்கு வந்துதானே ஆகணும்?"

ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு தடவ சொல்லிட்டேன் ராத்தா. ரெண்டு தடவையும் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவு என் கையிலும்தான் ஐந்து மாதம் இருந்தது.

ஆன்ட்டி நாற்காலியிலிருந்து முன்னால் நகர்ந்து தங்கையின் கையைப் பிடித்தார். "என்னை மன்னிச்சிடுமா. மன்னிச்சிடுவேல்ல?"

ருக்ஸானா கையை உருவிக்கொள்ளவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. சத்தம் வரவில்லை. வெளியே மின்தூக்கி வந்து நின்று, கதவு திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. அப்போதும் அவர் பேசவில்லை.

ஆன்ட்டி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். சட்டம் படித்தவள் நான்தானே? பேசாமல் அழுதால் சம்மதம் என்று நூல்கள் சொல்வதை இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியவளும் நான்தான். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துக்கொண்டே அதை மறுக்கக் கஷ்டமாக இருந்தது.

"அது சம்மதம் இல்ல ஆன்ட்டி," என்றேன்.