தொட்டி மீன்

மலேசியாவில் லூபோக் சீனா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பம்பு பழுதுபார்க்கப் போயிருந்தேன். கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடும் இடத்தில் ஒரு தொட்டி. அதில் திலாப்பியா மீன்கள். தண்ணீர் நல்லதென்று வருகிறவர்களுக்குக் காட்டத்தான் அந்த மீன்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டவர் ஒல்லியான மனிதர், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டியை எட்டிப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.

“மீனெல்லாம் நல்லாத்தானே இருக்கு, அண்ணே?” என்றேன்.

“இது காலையில பாசார்ல வாங்குனது லா, தம்பி. நேத்து கெடந்ததெல்லாம் செத்துப்போச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. “மில்லுக்காரன் செய்யிற தப்ப நீங்க ஏன் அண்ணே மறைக்கிறீங்க?”

அவர் கோபப்படவில்லை. “எண்ணெ விலை ஏறினா மில்லு ராப்பகலா ஓடும். கழிவுக் குளம் தாங்காது. மீன் செத்துரும், ஆத்துலயும்தான். விலை எறங்கினா மீன் பொழச்சுக்கும், ஆனா எங்கள்ல பாதி பேருக்கு வேலை இருக்காது. நான் எதுக்குத் தம்பி சாமி கும்புடுறது?”

பம்பை மாட்டிவிட்டு வந்தேன். இப்போதும் வானொலியில் செம்பனை எண்ணெய் விலை ஏறியதாகச் சொன்னால், மறுநாள் காலை பாசாரில் அவர் உயிர்மீன் பொறுக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.