அவுட்டரில் நின்ற வண்டி

உள்ளறையில் ஊன்றுகட்டை தரையில் படும் சத்தம் கேட்டது. ‘டொக்’ என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

முன்னறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த இன்னாசியின் கையில் காபி டம்ளர் வாய்வரை போய் அப்படியே நின்றது.

“அன்னாளா?”

“வேற யாரு இருக்காங்க இந்த வூட்ல” என்றாள் லூசி. தைத்துக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. “குளிச்சிட்டு வந்திருக்கா. பொடவை கட்டிகினு வரணும். நேரம் ஆவும். இருண்ணே.”

கூடப்பிறந்த அண்ணன் இந்தப் படியை மிதித்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. பழைய கண்டக்டர் காக்கிச் சட்டை இல்லை. கழுத்தில் தொங்கும் விசிலும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், காதோரம் நரைத்திருந்தது. காலடியில் இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்திருந்தான்.

“செருப்பு. ரெண்டு பேருக்கும் வாங்கியாந்தேன். டவுன்ல இப்ப எல்லாரும் இதான் போட்றாங்க.”

லூசி பெட்டிகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“வந்த விஷயத்தச் சொல்லு.”

“வர்ற ஞாயித்துக்கெழம ஸ்கூல் மைதானத்துல மறுபடியும் கூட்டம் போடறாங்க. ரயிலா ரோடான்னு. நீ வந்து பேசணும்.”

“யாருக்குப் பேசணும்?”

“ரயிலுக்குத்தான்.”

லூசியின் கை நின்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே வாய் என்ன பேசியது என்பதை அவள் காது இன்னும் மறக்கவில்லை.

வில்லியனூர் ரயிலடிக்குப் பக்கத்தில், கிறிஸ்தவர்கள் குடியிருந்த வேதக்காரத் தெருவிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போன முதல் பெண் லூசி. அப்பா போய், அவர் பின்னாலேயே அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபது கூட நிரம்பவில்லை. இன்னாசிக்கு நிலையான வேலை கிடையாது. கடைக்குட்டி அன்னாள் பாவாடை கட்டிய சிறுமி. ஒரு அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டு, அந்த மூன்று வயிற்றையும் லூசிதான் தாங்கினாள். கல்யாணப் பேச்சு வந்த வீட்டுக்காரர்களிடம், “தங்கச்சி படிச்சி முடிக்கட்டும்” என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு முறை அப்படிச் சொன்னபின் யாரும் கேட்டு வரவில்லை.

காலையில் விழுப்புரத்திலிருந்து வரும் பாசஞ்சர்தான் அவளுக்குக் கதி. பெண்கள் பெட்டியில் காய்க்கூடைக்காரிகள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், மில்லுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஏறுவார்கள். காய் விற்கும் வேலம்மாள் கூடையைக் கதவோரம் தள்ளிவிட்டு, “எம் மாமியா வூட்ல எனக்கு உக்கார எடமில்ல. சர்க்காரு ரயிலுதான் எனக்குப் பொறந்த வூடு” என்று காலை நீட்டுவாள். பெட்டியே சிரிக்கும். அங்கே யாரும் யார் மேலும் இடிக்கமாட்டார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தியின் மடியில் தலை வைத்துப் படுக்கலாம்.

குறை ஒன்றுதான். அந்த வண்டி எங்கேயோ கிளம்பி எப்போதோ வந்தது. லூசிக்குப் பலநாள் அரைச் சம்பளம்தான். வில்லியனூரிலேயே கிளம்பி டவுனுக்குப் போய்த் திரும்ப ஒரு ஷட்டில் வண்டி விட்டால் போதும் என்று அவளும் வேலம்மாளும் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு பெட்டி பெட்டியாகப் பரவியது.

எழுபத்தொன்றாம் வருஷம் அரசு நிர்வாகத்திலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்: ஒன்று, ஷட்டிலுக்காக ரயில்வேயிடம் பேசுவோம். இல்லை, உறுவையாற்றிலிருந்து வில்லியனூர் வழியாக டவுன் வரைக்கும் ரோட்டை அகலமாக்கித் தார் போடுவோம். இரண்டில் ஊர் எதைக் கேட்கிறதோ அது.

அன்று ராச்சோற்றின்போதே வீட்டில் ஆரம்பமாகிவிட்டது.

“ரோடு வந்தா பஸ்ஸு வரும். வாசல்லியே ஏறி வாசல்லியே எறங்கலாம்” என்றான் இன்னாசி.

“ஏறலாம். ஆள் ரொம்பற வரிக்கும் கெளப்பமாட்டான். ரொம்பின பிறகு மூச்சு வுட முடியாது. எங்க இடிக்கிறான், எவன் இடிக்கிறான்னே தெரியாது.”

“நீ இன்னா மகாராணியா? நாலு பேரு இடிக்கத்தான் செய்வான்.”

“அன்னாளு நாளைக்கு டவுனுக்குப் படிக்கப் போவா. அவளையும் இடிக்கட்டுமா?”

“சுப்பராயலு ஐயா பஸ்ஸு வாங்கறாரு. கண்டக்டர் வேல எனக்குத்தான்னு சொல்லிட்டாரு. கூடப்பொறந்த அண்ணன் பஸ்ல எவன்டி இடிப்பான்?”

சுப்பராயலுவுக்கு உறுவையாற்றில் கரும்புக் காடு. லாரி ஓட ரோடு வேண்டும். ஆனால் ரோடு கேட்டவர்கள் எல்லாரும் கரும்புக்காகக் கேட்டார்கள் என்று லூசியால் சொல்ல முடியவில்லை. முந்தின மழையில் உறுவையாற்றுப் பக்கம் குடியிருந்த தையலம்மாளின் மருமகளை இடுப்பு வலியோடு மாட்டுவண்டியில் ஏற்றிப் போனார்கள். சேற்றில் சக்கரம் இறங்கிவிட்டது. பிள்ளை வண்டியிலேயே செத்துப் பிறந்தது. “உங்க ரயிலு எம் மருமவள ஏத்திகினு போவ எங்க வூட்டாண்ட வருமாடி லூசி?” என்று தையலம்மாள் கேட்டாள்.

ஊர் கை தூக்கி முடிவு சொல்லும் கூட்டத்தை ஒரு வேலைநாள் சாயங்காலம் வைத்தார்கள். டவுனுக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் பார்த்துத்தான் வைத்தார்கள். ஆனால் அன்றைக்குப் பார்த்து ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே அவுட்டரில் நின்றுவிட்டது. சிக்னல் கைகாட்டி இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஸ்கூல் மைதானத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தெரிந்தது. ஆட்கள் நிழல் நிழலாக உட்கார்ந்திருப்பது கூடத் தெரிந்தது. எஞ்சின் ஊதிக்கொண்டே இருந்தது.

“எறங்கு. ஓடலாம்” என்றாள் வேலம்மாள்.

பெட்டிப் பெண்கள் அத்தனை பேரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜல்லியில் குதித்தார்கள். கால் கிழிந்தது. ஒருத்தியின் சாப்பாட்டு டப்பா உருண்டு பள்ளத்தில் விழுந்தது; அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சிரைக்க மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஆபீசரின் ஜீப் போய்விட்டது.

நடந்ததைச் சொன்னவள் தையலம்மாள்தான். ரோடு கேட்டுக் கை தூக்கியவள் அவள். ஆனாலும் மனசு கேட்காமல் லூசியைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

“ரயிலு ஊதினது எங்க எல்லார் காதுலியும் வியுந்திச்சி. அந்த ஆபீசரு நல்ல மனுஷன். இன்னும் ஆளு வரணுமா, கொஞ்சம் பாக்கலாமான்னு கேட்டாரு. உங்கண்ணன்தான் எழுந்து, வர்றவங்க எல்லாம் வந்துட்டாங்க சார், கையத் தூக்கச் சொல்லுங்கன்னான்.”

அன்றிரவு லூசி அண்ணனைக் கேட்டாள். அவன் சிரித்தான்.

“நேரத்துக்கு வராத வண்டிக்காகப் பேச வந்தவ நீ. உனக்காகக் காத்திருந்தா ஊரு சிரிக்காது?”

ரோடு வந்தது. நல்ல ரோடுதான். மழையில் சேறு இல்லை. தையலம்மாளின் மருமகளுக்கு அடுத்த பிள்ளை ஆஸ்பத்திரியில் உயிரோடு பிறந்தது. அதை லூசியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சுப்பராயலுவின் பஸ் ஓடியது. இன்னாசி கழுத்தில் விசிலோடு படியில் தொங்கிக்கொண்டு போனான்.

அன்னாள் பள்ளிப்படிப்பு முடித்து டைப்ரைட்டிங் கிளாசுக்கு டவுன் போனாள். கிளாஸ் விடும் நேரத்துக்கு ரயில் கிடையாது. அண்ணன் பஸ்ஸில்தான் வருவாள். ஒருநாள் பின்னாலேயே இன்னொரு கம்பெனி பஸ் துரத்திக்கொண்டு வந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஆளைப் பிடிப்பது யார் என்று போட்டி. தெருமுனையில் அன்னாள் இறங்கினாள். இடது கால் தரையில் பட்டது. வலது கால் படியில் இருந்தது. இன்னாசி விசில் ஊதினான்.

வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

கால் போனதைக்கூட லூசி விதி என்று விழுங்கியிருப்பாள். போலீஸ் ஸ்டேஷனில் இன்னாசி எழுதிக்கொடுத்ததைத்தான் விழுங்க முடியவில்லை. ‘வண்டி நிற்குமுன் பெண் தானாகக் குதித்துவிட்டாள்.’ அந்த ஒரு வரியில் அவன் வேலை தப்பியது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் லூசியின் அச்சக வேலை போனது. அந்த மாதமே அவன் டவுனுக்குக் குடிபோனான். அதற்குப் பிறகு ஒரு காகிதக் கடைக்கு வீட்டிலேயே நோட்டு தைத்துக் கொடுத்து அக்காளும் தங்கையும் கஞ்சி குடித்தார்கள்.

உள்ளறையில் மறுபடியும் ‘டொக்’ என்றது. இப்போது சத்தம் அலமாரிப் பக்கம்.

“சுப்பராயலு ஐயா போய்ச் சேந்தப்புறம் அவரு மவன் என்னை வேலயவுட்டு நிறுத்திட்டான்” என்றான் இன்னாசி. “ரோட்ட இன்னும் அகலம் பண்ணி நாலு பஸ்ஸு வுடப் போறானாம். வுடக்கூடாது லூசி. ஷட்டிலு வந்தா ரயிலடியில டீக்கடை போட்டுக்கன்னு ரயிலு கேக்கற நம்ப ஆளுங்க சொல்லியிருக்காங்க. நீ பேசினா ஊரு கேக்கும். அன்னாளு ஒண்ணும் பேச வேணாம். மேடையில வந்து உக்காந்தா போதும்.”

“உக்காந்தா?”

“ஜனங்க பாப்பாங்க இல்ல. பஸ்ஸு பண்ண வேலய.”

லூசி நோட்டைக் கீழே வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

“பஸ்ஸா பண்ணிச்சி?”

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரிண்ணே. நான் வர்றேன். எனக்கு ஷட்டிலு இன்னிக்கும் வேணுந்தான். வேலம்மாளு கூடையத் தூக்கிகினு பஸ்ஸுல மிதிபடறா. ஆனா அன்னாளக் கேக்க வேண்டியவன் நீ. இதோ வந்துகினே இருக்கா. அவ மூஞ்சியப் பாத்துக் கேளு. விசிலு ஊதினது யாருன்னு நீயே மேடையில சொல்றதாவும் அவகிட்ட சொல்லு. அவ சரின்னா எனக்கும் சரி.”

உள்ளே கட்டைச் சத்தம் கிளம்பியது. சுவரோரமாக, தொடர்ச்சியாக, கதவை நோக்கி வந்தது. அவன் இருக்கட்டும், மாதாவே, அவன் எதுவும் சொல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, தங்கச்சி வந்து சேரும்வரை அந்த ஸ்டூலில் இருந்தால் போதும், பழசையெல்லாம் மறந்துவிடுகிறேன் என்று லூசியின் பாவி மனசு வேண்டிக்கொண்டது.

தெருமுனையில் ஹாரன் கேட்டது.

இன்னாசி எழுந்தான். “டவுன் வண்டி. இத வுட்டா அடுத்தது எப்ப வருமோ. நான் இன்னொரு நாளு வந்து…”

“நாலு எட்டுதான் பாக்கி. நில்லுண்ணே.”

“இன்னொரு நாளு வர்றேன் லூசி.”

அவன் வாசலில் தன் செருப்பை மாட்டினான். லூசி குனிந்து இரண்டாவது பெட்டியைத் திறந்தாள். புதுத் தோல் வாசனை அடித்தது. வலது கால் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அவன் கையில் வைத்தாள்.

“இது அவளுக்கு ஆவாது. எடுத்துகினு போ.”

அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் ஹாரன் இரண்டாம் முறை கேட்டதும் கால் தானாக நடந்தது. நடை ஓட்டமாயிற்று. ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிப்போய்ப் படியில் தொற்றிக்கொண்டான். யாரோ விசில் ஊதினார்கள். பஸ் கிளம்பிவிட்டது.

பின்னால் திரை விலகியது. பண்டிகைக்கென்று எடுத்து வைத்திருந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஈரத் தலையைச் சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கட்டையில் சாய்ந்து அன்னாள் நின்றாள். முன்னறையைப் பார்த்தாள். காலி ஸ்டூலைப் பார்த்தாள்.

“அண்ணன் எங்கக்கா?”

லூசி கதவைச் சாத்தினாள்.