கருவாடும் காப்பும்

ஓட்டப்பிடாரம் பக்கம் எங்கள் தோட்டத்துப் பூசணிப் பிஞ்சுகளைத் துளைத்துப் பழ ஈ முட்டையிடும். அதற்காக, ஊறவைத்த கருவாட்டில் பூச்சி மருந்து கலந்து, ஓட்டை போட்ட பாலிதீன் பைகளில் போட்டுக் குச்சிகளில் தொங்கவிடுவேன். வாடைக்கு வரும் ஈ உள்ளேயே சாகும்.

அந்த வருடம் அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய மறுநாள், கோயில் தலைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்.

"ஏட்டி, ஊரே கவுச்சி தொடாம விரதம் இருக்கு. ஒந் தோட்டத்துல கருவாடு நாறுது. அவுத்து எறி."

"ஈ விரதம் இருக்குமா அண்ணாச்சி? காய் பூரா வீணாப் போயிருமே."

"அம்மன் பாத்துக்கிடுவா."

பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனை பைகளையும் அவிழ்த்தேன்.

கொடையன்று அதே மனிதர் ஆள் அனுப்பினார். அன்னதானச் சாம்பாருக்கு என் பூசணிக்காய் வேண்டுமாம்! வந்த ஆத்திரத்தில் கூடையை நானே சுமந்துபோய், அடுப்படியில் அவர் எதிரிலேயே ஒரு காயைப் பிளந்தேன். உள்ளே புழு நெளிந்தது. அடுத்ததிலும் அப்படித்தான்.

"கவுச்சி ஆகாதுன்னீங்களே அண்ணாச்சி, இதை எதுல சேக்க?"

அவர் வேட்டியை உதறிக்கொண்டு போனார்.

அதன்பிறகு எந்தக் காப்புக்கும் நான் பையை இறக்கியதில்லை. அம்மன்மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவள் ஒருநாளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் வேலியோரம் வந்து நின்றதில்லை.