பட்டியலில் கடைசித் தெரு

நகராட்சியின் தெருவிளக்குப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிற ஒரு மனிதருக்கு இருட்டுதான் பிடிக்கும் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் விஷயம் அதுதான். பகலெல்லாம் ஏணி வண்டியில் ஏறி விளக்கைச் சரிசெய்வார். பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடியில் தன் குட்டித் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே விளக்கைத் திட்டுவார். அலுவலகத்தில் அவருக்கு 'நட்சத்திரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பார்.

அவர் படம் பிடிக்க ஆசைப்பட்டது ஒரு விண்மீன் மண்டலத்தை. நம் பக்கம் விளிம்பைக் காட்டிக்கொண்டு, நடுவில் ஒரு கரும்பட்டையோடு கிடக்கிற மண்டலம். கண்ணுக்குத் தெரியாது. கேமராவில் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் சேர்த்தால்தான் தெரியும். ஆனால் அவர் வீட்டு மாடியில் எதைப் பிடித்தாலும் படம் முழுக்கத் தெருவிளக்கின் மஞ்சள் டீக்கறை மாதிரி படிந்துவிடும். அதைத் தடுக்கத் தொலைநோக்கிக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு ஃபில்டர் போட வேண்டும்.

எந்த ஃபில்டர் என்று முடிவு செய்ய அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல அரைமணி நேரம்தான் எடுத்துக்கொண்டார் என்பதை அவர் மனைவி அடிக்கடி நினைவுபடுத்தினாள். ஒரு ஃபில்டர் குறிப்பிட்ட ஒரே ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விடும். வானத்து வாயு மேகங்களுக்கு அது போதும், எந்த விளக்கு எரிந்தாலும் கவலையில்லை. ஆனால் விண்மீன் மண்டலத்தில் எல்லா நிறமும் உண்டு, அதை இந்த ஃபில்டர் பட்டினி போட்டுவிடும். இன்னொன்று சோடியம் விளக்கின் மஞ்சளை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். ஊரில் இருப்பது அத்தனையும் சோடியம் விளக்கு. அது அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? இரண்டாவதையே வாங்கினார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. ஃபில்டர் வந்த அதே வாரம் சுற்றறிக்கையும் வந்தது: ஊரிலுள்ள சோடியம் விளக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி பொருத்த வேண்டும். அந்த வெள்ளையில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது, இந்த ஃபில்டரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. எந்தத் தெருவுக்கு எப்போது என்ற பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பைப் பொறியாளர் அவரிடமே கொடுத்தார்.

தன் தெருவை அவர் கடைசியில் போட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. விளக்குக்காரரே தன் தெருவைப் பின்னால் தள்ளிக்கொண்டார் என்று பொறியாளர் கூட்டத்தில் பாராட்டினார். நட்சத்திரம் தலையைக் குனிந்துகொண்டார், அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

படம் முழுமையாக வரப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம் வேண்டும். நிலா இல்லாத, மேகம் இல்லாத நாளாகப் பார்த்து ஏழரை மணி நேரம் சேர்த்துவிட்டார். இன்னும் நாலரை. இந்தப் பருவம் போனால் அந்த மண்டலம் திரும்ப மேலே வர அடுத்த வருடம் ஆகும், அதற்குள் தெருவே வெள்ளையாகிவிடும். அந்தச் சமயத்தில்தான் தெருவிலிருந்த ஆறு விளக்குகளில் நான்காவது, மூலையில் இருப்பது, ஆயுள் முடிந்து அணைந்தது. அதை மாற்றுவது அவருக்குப் பத்து நிமிட வேலை. மாற்றவில்லை. ஃபில்டரையும் தாண்டிக் கசிகிற வெளிச்சம் குறைந்ததால், அன்றைக்கு எடுத்த ஒன்றரை மணி நேரப் படம் முன்பு எடுத்ததைவிடத் தெளிவாக இருந்தது. அடுத்த நாட்களில் மேகம் மூடிக்கொண்டது.

அவர் மனைவி தையல் பட்டறையில் துணி வெட்டுகிறவள். விளக்கு அணைந்த ஆறாம் நாள் வேலை முடிந்து வரும்போது அந்த மூலை இருட்டில் சாக்கடை மூடி சாய்ந்திருந்தது தெரியாமல் காலை வைத்துவிட்டாள். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது என்றார் மருத்துவர்.

"லைட் எரியலன்னு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதுங்க," என்றாள் வீட்டுக்கு வந்ததும். "எனக்குக் கை இல்ல. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அவர் படிவத்தை எடுத்து வந்தார். தெரு, கம்பத்தின் எண், எத்தனை நாளாக எரியவில்லை என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினார். கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம், பிரிவு ஊழியர் நிரப்ப வேண்டியது. அதில் 'மாற்றும் பட்டியலில் கடைசித் தெரு' என்று எழுதி அவளிடம் நீட்டினார்.

அவள் படித்தாள். "பட்டியல்ல நம்ம தெருவக் கடைசில போட்டது நீங்களா?"

"ஆமா."

"லைட் அணைஞ்சது கூடத் தெரியுமா?"

"தெரியும். இருட்டா இருந்தா படம் நல்லா வருது. அதான் விட்டுட்டேன்."

அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று ராத்திரி முழுக்க அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் ஏணி வண்டியைத் தன் தெருவுக்கு விடச் சொன்னார். "அண்ணே, இது கடைசில தானே இருக்கு?" என்றார் ஓட்டுநர்.

"இல்லப்பா. முதல்ல செஞ்சிருக்கணும்."

ஆறு விளக்குகளையும் மாற்றினார். சாக்கடை மூடியையும் இருவருமாகத் தூக்கி நேராக வைத்தார்கள். சாயங்காலம் தெரு முழுக்க வெள்ளை வெளிச்சம் பரவியது. மாடியிலிருந்து பார்த்தபோது வானம் பால் கொட்டியது மாதிரி இருந்தது. தொலைநோக்கிக்கு உறை போட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"அந்தப் படத்தக் காட்டுங்க," என்றாள் மனைவி.

காட்டினார். சாம்பலாக ஒரு கோடு. நடுவில் கரும்பட்டை இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"இன்னும் எவ்வளவு பாக்கி?"

"மூணு மணி நேரம். ரெண்டு நாள் போதும்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பின்தெரு வழியா வந்திருப்பேனே," என்றாள். "பத்து நிமிஷம்தான் கூட ஆகும்."

பட்டியலை எத்தனையோ விதமாக மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தவருக்கு அவளிடம் கேட்கலாம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.