தட்டுச் சுட்ட ஞாயிற்றுக்கிழமை

சுட்ட தட்டு கணினியின் வாயிலிருந்து வெளியே வரும்போது இளஞ்சூடாக இருக்கும். புது பிளாஸ்ரிக் மணத்தோடு வரும் அந்தச் சூட்டை, "ரேகை படும், வை பிள்ளை" என்று அப்பா கத்துவதற்குள் கன்னத்தில் ஒருதரம் ஒற்றிப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு இல்லை, சீடி. வீடியோவை அதில் ஏற்றுவதை அப்பா முதலில் எல்லாரையும்போல "எரிக்கிறது" என்றுதான் சொன்னார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பிள்ளையின்ர சாமத்தியவீட்டு வீடியோவைப் போய் எரிக்கிறது கிரிக்கிறது எண்டு சொல்லாதேங்கோ, நல்ல காரியமெல்லோ" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது "சுடுறது" ஆகிவிட்டது. சரிவராத தட்டுக்குக் "கருகினது" என்று பெயர்.

தொண்ணூறுகள் முடியப்போகிற காலம் அது. ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், ஒன்பதாம் மாடியில் இருந்தோம். எங்கள் மாடியிலேயே முதன்முதல் டிவிடி பிளேயர் வாங்கியவர் அப்பாதான். சீடி சுடுகிற கணினி ஒன்றையும் அடுத்தடுத்த மாதம் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டார், அதன் பிறகு நாங்கள் சோபாவில் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். இவ்வளவுக்கும் அவர் சொன்ன நியாயம் ஒன்றுதான். கனடா வீடியோக் கசெற் பாரிசில் ஓடாது, பாரிஸ் கசெற் இங்கே போட்டால் கறுப்பு வெள்ளையாக உருளும், ஆனால் தட்டு எங்கே போட்டாலும் ஓடும். இந்தக் கடைசிப் பகுதியை அவர் சத்தியம் செய்வதுபோலச் சொல்லுவார்.

பாரிசில் இருந்தவர் பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா. பதினைந்து வருடங்களாக அவர் எங்களோடு பேசியதில்லை. ஊரில் அவருக்குக் கலியாணம் பேசி நாளும் வைத்திருந்த நேரத்தில், அம்மா ஒருவருக்கும் சொல்லாமல் அப்பாவோடு போய்விட்டார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள், பெரியம்மா அதற்குப் பிறகு நாலைந்து வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்து, பிறகுதான் வேறொருவரைக் கலியாணம் கட்டிப் பாரிசுக்குப் போனார். அம்மா எழுதிய கடிதங்கள் உடைக்கப்படாமல் திரும்பி வந்தன. அம்மா போன் எடுத்தால் குரலைக் கேட்டவுடன் பெரியம்மா வைத்துவிடுவார். அப்பாவுக்கு இதில் ஒரே பிடி. "நாங்கள் களவெடுக்கேல்லை, கலியாணம்தான் செய்தனாங்கள். இந்த வீட்டிலயிருந்து ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கிறேல்லை" என்பார். அதைக் கேட்டு அம்மா தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நானும் நம்பித்தான் இருந்தேன்.

பதின்மூன்று வயதில் நான் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு செய்தார்கள். மண்டபத்தில் சனம் சாப்பாட்டு வரிசைக்குப் போய்விட, அலங்காரக் கதிரையில் கொண்டை கனக்க நான் தனியாக இருந்தேன். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தோளில் பெரிய கமரா சுமந்து நின்ற வீடியோ அண்ணையைக் கூப்பிட்டு, "தம்பி, ஒருக்கா என்னை எடும்" என்றார். பிறகு கமராவைப் பார்த்துப் பேசினார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அக்கா, உனக்குச் சொல்லாமல் போனது பிழைதான். உன்ர கலியாணம் என்னாலதான் குழம்பினது. அவருக்கு நான் இதைச் சொன்னது தெரியாது. என்னை மன்னிச்சுக்கொள். இவளை ஒருக்கா வந்து பார்."

கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம், பெறாமகளின் சாமத்தியவீட்டு வீடியோவைப் பார்க்காமல் எந்தப் பெரியம்மாவும் இருக்கமாட்டார் என்று அம்மா கணக்குப் போட்டிருந்தார். கெட்டிக்காரி. கமரா விலகியதும் என்னிடம் வந்து நெற்றிச்சுட்டியை நேராக்கிக்கொண்டே, "அப்பாவுக்குச் சொல்லாதை" என்றார்.

அம்மா யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். எங்கள் ஆட்களின் வீடியோவில் மனிதர் பேசுவது ஒருநாளும் கேட்காது. வாய்கள் அசையும், தலைகள் ஆடும், மேலே சினிமாப் பாட்டுப் போகும். பாட்டுப் போடாத வீடியோவுக்குச் சனம் "செத்தவீட்டு வீடியோ மாதிரி" என்று குறை சொல்லும் என்பதால், வீடியோ அண்ணை ஓர் அங்குலமும் விடாமல் பாட்டால் மெழுகித் தருவார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கசெற் வந்தது. மூவரும் இருந்து பார்த்தோம். அம்மா கமராவைப் பார்த்துப் பேசுகிற இடம் வந்தபோது புல்லாங்குழலும் வயலினும் சேர்ந்து ஒரு தாலாட்டுப் பாட்டு உருகிக்கொண்டிருந்தது. "உதில என்ன கதைக்கிறாய்?" என்று அப்பா கேட்டார். "சாப்பாடு எல்லாருக்கும் காணுமோ எண்டு கேட்டனான்" என்று அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது, அன்றைக்கு நித்திரையும் சரியாக வரவில்லை. கீழ்மாடி றஞ்சி அன்ரி ஞாயிற்றுக்கிழமை பாரிசுக்குப் பறக்கிறார், தட்டு அவர் கையில்தான் போகவேண்டும், அவரை விட்டால் பெரியம்மா வீட்டுப் படியேற எங்களுக்கு வேறு ஆள் இல்லை. சனி காலை அம்மா குளிக்கிற நேரம் பார்த்து வீடியோ அண்ணைக்குப் போன் எடுத்தேன். பாட்டுப் போடாத மூலக் கசெற் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குத்தான் தங்கச்சி. ஆனா இண்டைக்குப் பின்னேரம் றிச்மண்ட் ஹில் கோயில்ல ஒரு கலியாணம். அதுக்கு மேலதான் எடுக்கப்போறன்" என்றார். கசெற் வாங்குகிற காசை மிச்சம் பிடிக்க அவர் பழையதின் மேலேயே எடுக்கிறவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

கார் அப்பாவிடம்தான் இருந்தது. "வீடியோவில என்ர குரல் ஒரு இடத்திலயும் இல்லை அப்பா, ஒரிஜினல் கசெற் வேணும்" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன், கண்ணில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது. என் குரலுக்காக அந்த மனுசன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பினார். நெடுஞ்சாலையில் கார்கள் நகராமல் நின்றபோது நான் இருக்கையில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கசெற்றை மீட்டுவிடலாம், ஆனால் தட்டுச் சுடத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் அப்பா ஒருவர்தான். படத்தை ஏற்றும்போது அவர் ஓடவிட்டு, காதில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, தொடக்கம் முதல் கடைசிவரை பார்ப்பார். காரைத் திருப்பச் சொல்லலாமா என்று இருந்தது. எதைச் சொல்லித் திருப்பச் சொல்வது?

கோயில் வாசலில் வீடியோ அண்ணை கமராவுக்குள் கசெற்றைச் செருகிக்கொண்டு நின்றார், எங்கள் கசெற்றேதான். அப்பா வழியில் வாங்கிய புதுக் கசெற்றை அவர் கையில் கொடுத்து எங்களுடையதை வாங்கினார். "பிள்ளை தன்ர குரலைக் கேக்கோணுமாம்" என்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னபோது, எனக்கு நிலத்தைப் பார்ப்பதா கோபுரத்தைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் அவர் கதிரைக்குப் பின்னால் நின்று கண்ணாடி வளையல்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தார். திரையில் அம்மாவின் முகம் வந்தது. அப்பாவின் கை அசையாமல் நின்றது. பின்னோக்கி ஓட்டி மறுபடியும் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு பால்கனிக்குப் போய், கீழே நிற்கிற கார்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, எனக்கு அது ஒரு பள்ளிக்கூடத் தவணை. கத்துவார், கசெற்றை உருவி எறிவார், அம்மாவோடு பேசமாட்டார் என்று ஒவ்வொன்றாக நினைத்து, இவ்வளவையும் கிளப்பிவிட்ட என் வாயை நானே திட்டினேன்.

திரும்பி வந்து, "உனக்கு முதலே தெரியுமோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். "நான் கேட்டனான் எண்டு அம்மாவுக்குச் சொல்லாதை" என்றார். மேசையில் குனிந்து, கணினியில் தாலாட்டுப் பாட்டு வருகிற துண்டை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மூலக் கசெற்றின் துண்டை வைத்து ஒட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை தட்டுச் சுடத் தொடங்கினோம். சுடும்போது வீட்டில் ஒருவரும் நடக்கக்கூடாது, மேசையில் கை வைக்கக்கூடாது, போன் வயரையும் அப்பா கழற்றிவிடுவார். கணினியின் கவனம் கொஞ்சம் சிதறினாலும் தட்டுக் கருகிவிடும். முக்கால் மணித்தியாலம் நான் சோபாவில் காலை மடக்கி வைத்துக்கொண்டு நகம் கடித்தேன். முதல் தட்டு நன்றாகத்தான் வந்தது, ஆனால் பிளேயருக்குள் போட்டால் "தட்டு இல்லை" என்று அது அடித்துச் சொல்லியது. அப்பா துடைத்துப் போட்டார், ஊதிப் போட்டார், இல்லையென்றால் இல்லைதான். கடைசியில் போன் வயரைக் கொழுவி வேலையிடத்துச் சிநேகிதரைக் கேட்டார். "சில பிளேயர் சாதாரண சீடியை வாசிக்காது அண்ணை, அழிச்சு எழுதுற சீடியில போட்டுப் பாருங்கோ" என்றார் அவர். மேசை லாச்சியில் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு றஞ்சி அன்ரி விமான நிலையத்துக்கு வெளிக்கிடுகிறார், நேரமோ இரண்டு தாண்டிவிட்டது.

இரண்டாவது தட்டு ஓடியது. அப்பா முழுவதையும் பார்க்காமல் நேரே அந்த இடத்துக்குத் தள்ளினார். குசினிக்குள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்த அம்மா, பாட்டில்லாமல் தன் குரல் கேட்டதும் கரண்டியோடு வெளியே வந்தார். "அவருக்கு நான் இதைச் சொன்னது தெரியாது" என்று ரீவியில் இருந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அந்த "அவர்" சோபாவில் ரிமோட்டோடு இருந்தார். கரண்டியிலிருந்து எண்ணெய் கம்பளத்தில் சொட்டியது.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல், "சத்தம் காணுமோ, இன்னும் கொஞ்சம் கூட்டிவிடவோ?" என்று கேட்டார்.

அம்மா கரண்டியை நிமிர்த்திப் பிடித்தார். "காணும்" என்றார்.

அப்பா என் படம் ஒன்றை உறையின் முகப்பில் ஒட்டி, தட்டை உள்ளே வைத்தார். நான் அதை எடுத்துக்கொண்டு றஞ்சி அன்ரி வீட்டுக்குப் படியாலேயே ஓடினேன்.

இரண்டு கிழமை ஒரு செய்தியும் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மூவரும் ஒரேநேரத்தில் எழும்புவோம். மூன்றாவது கிழமை ஒரு காலையில் பெரியம்மாவே போன் எடுத்தார். "வீடியோ பாத்தனாங்கள். பிள்ளைக்குச் சாறி நல்ல வடிவு" என்றாராம். பிறகு அப்பாவுக்குச் சுகமா என்று கேட்டாராம். வேறொன்றும் பேசவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தார். பெரியம்மா சாகும்வரை அக்காவும் தங்கையும் கதைத்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

இப்போது நாங்கள் யூனியன்வில்லில் இருக்கிறோம். வீட்டில் தட்டு வாசிக்கிற சாமான் ஒன்றுகூட இல்லை. கைபேசியில் எடுத்த வீடியோ கண் மூடித் திறக்குமுன் பாரிசுக்குப் போய்விடுகிறது, நடக்காதே, மேசையைத் தொடாதே என்று சொல்ல ஆளில்லை. அப்பா போய் ஆறு வருடமாகிறது.

போன கோடையில் பெரியம்மாவின் மகள் கவிதா வந்து நின்றாள். கடைக்குப் போகும் வழியில் காரில் அந்தத் தட்டைப் பற்றி நான்தான் கதையெடுத்தேன். "அதோ? அது ஒருநாளும் ஓடேல்லையே" என்றாள். அவர்களுடைய பிளேயர் அழித்து எழுதுகிற தட்டை வாசிக்காதாம். நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தும் ஓடவில்லையாம். "அம்மா உறையில இருந்த உன்ர படத்தைத்தான் மேசையில வைச்சுப் பாத்துக்கொண்டிருந்தவ. உவள் என்ர தங்கச்சியை உரிச்சு வைச்ச மாதிரி இருக்கிறாள் எண்டு சொல்லிச் சொல்லி ஒருநாள் போனை எடுத்திட்டா. கஷ்டப்பட்டு அனுப்பியிருக்கினம், ஓடேல்லை எண்டு சொல்லாதேங்கோ எண்டு எங்களுக்குக் கட்டளை" என்று சிரித்தாள். நான் காரை ஓரங்கட்டி நிறுத்தவேண்டியதாயிற்று.

அம்மாவுக்கு வயது போய்விட்டது, சொன்னதையே திரும்பவும் சொல்கிறார். போன ஞாயிறும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா நான் மன்னிப்புக் கேட்டதைக் கேட்டபிறகுதானே எனக்குப் போன் எடுத்தவ" என்றார். பெரியம்மா ஒரு சொல்லையும் கேளாமல்தான் போன் எடுத்தார் என்பதைச் சொன்னால் அம்மா சந்தோஷப்படுவாரா, அந்தச் சொல் போய்ச் சேரவேயில்லை என்று உடைந்துபோவாரா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்பிப் போய் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டுவந்து விட்டேன்.

"ஓம் அம்மா, கேட்டவ" என்றேன்.