தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு

என் மகள் பவித்ராவின் வேதியியல் படிப்பைக் கெடுத்தவன் நான். பரிசோதனைக்கு அவள் பிடித்துவைத்த தண்ணீரை, அவளுக்குத் தெரியாமல் மாற்றினேன். அவளிடம் சொல்லத் துணிவில்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

ஆம்பூரில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர். குடிக்கக் கேன் தண்ணீர். குளிக்க, துவைக்க ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர். போர் தண்ணீர் பிடித்த வாளி காய்ந்தால் வெள்ளை படியும். தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்னால்தான் தெரு. அவற்றில் ஒன்றில்தான் எனக்கு வேலை. பச்சைத் தோலில் அப்பியிருக்கும் உப்பை உதறுகிறவன் நான்.

பிளஸ் டூவில் இருந்த பவித்ரா, பள்ளிக் கண்காட்சிக்காக அந்தப் போர் தண்ணீரைப் பரிசோதிக்கப் போவதாகச் சொன்னாள்.

"சில்வர் நைட்ரேட் ஊத்துனா, தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வரும்பா! உப்பு ஜாஸ்தின்னா கெட்டியா வரும்."

புத்தகத்து வரியைப் பாட்டுப்போலச் சொன்னாள். காலேஜிலும் வேதியியல்தான் என்று முடிவே செய்திருந்தாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம்... பெருமையில் வேலையிடத்தில் வாய்விட்டேன். மேஸ்திரி சிரித்தார்.

"இன்னாபா, உன் பொண்ணு நம்ம கேட்டுக்குப் பூட்டு போட வச்சிருவா போல இருக்கே! பார்த்துக்கோ, மொதல் பேஜார் உனக்குத்தான்."

கேலியா, மிரட்டலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் எதிர்த்துக் கேட்டுப் பழகாதவன். "வேணாம்மா" என்று மகளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. மறுநாள் காலை, அவள் ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது, போர் தண்ணீர் பிடித்துவைத்திருந்த பாட்டிலைக் கவிழ்த்தேன். கேன் தண்ணீரை நிரப்பி வைத்தேன்.

மாலையில் அழுதுகொண்டே வந்தாள். சோதனைக் குழாயில் லேசான கலங்கல்... அவ்வளவுதான்! "இன்னாமா பவித்ரா, உறை ஊத்த மறந்துட்டியா?" என்று மிஸ் கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. அளவைத் தப்பாகச் சேர்த்துவிட்டாய் என்று திட்டு வேறு.

பையைக்கூட இறக்காமல் குழாயடிக்குப் போனாள். போர் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தாள். என்னையும் வாயில் ஊற்றிப் பார்க்கச் சொன்னாள்.

"உப்பாத்தானப்பா இருக்கு?"

கரித்தது. தொண்டைவரை கரித்தது! "ஆமாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அடுத்த நாளே இன்னொரு பாட்டில் எடுத்துப் போயிருப்பாள். எனக்கோ மேஸ்திரியின் சிரிப்புதான் காதில் கேட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா."

நாள் முழுக்க உப்பில் புழங்குகிற அப்பனுக்கே தெரியவில்லை என்றால்... அவள் என்ன நினைத்திருப்பாள்? ஈரக் கையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கண்காட்சியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாள். இப்போது வாணியம்பாடியில் பி.காம். படிக்கிறாள். யாராவது கேட்டால், "கெமிஸ்ட்ரி நமக்கு வராதுங்க, கை சரியில்ல" என்று சிரிக்கிறாள். பக்கத்தில் நின்று நானும் சிரிக்கிறேன்! என் வேலை இன்றும் அங்கேயேதான். மேஸ்திரி அந்தப் பேச்சையே மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் சமைக்கிறாள். கரண்டியில் குழம்பை எடுத்துச் சுவைப்பாள். மறுபடியும் சுவைப்பாள். அப்புறம் கரண்டியை என்னிடம் நீட்டுவாள்.

"உப்பு சரியா இருக்காப்பா? எனக்குத் தெரியல..."

சரியாகத்தான் இருக்கும். சொல்கிறேன்.

நான் சொன்னால் நம்பிவிடுகிறாள்!